வாங்கிச் சொல்லாத கூட்டம்

லண்டன்,
6 ஆகஸ்டு 1936

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். நாலு பேர் என்று எழுத எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. உலகம்மை வந்து இறங்கி ஏழு வாரமாகிறது. உன் கையெழுத்தில் ஒரு வரி இல்லை. அத்தான் ஒரு கார்டு போட்டிருந்தார்கள், ‘பிள்ளை வந்து சேர்ந்த விவரம் தெரிவிக்கவும்’ என்று. பார்சல் அனுப்பியவர்கள்கூட இதைவிட அன்பாக விசாரிப்பார்கள்.

உலகுவைக் கப்பலில் கூட்டிவந்த ஞானதுரை டாக்டரின் சம்சாரம் எல்லாம் சொன்னாள். தென்காசி ஸ்டேஷனுக்கு அத்தான் மட்டும்தான் வந்தார்களாம். மேலகரத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வண்டி கட்டினால் அரை மணி. நாலு வருஷம் வளர்த்த பிள்ளையை வழியனுப்ப அந்த அரை மணி உனக்குக் கிடைக்கவில்லை. என் மேல் கோபம் இருந்தால் என் மேல் காட்டியிருக்கலாம். பிள்ளையை நான் பிடுங்கிக்கொண்டதாக நீ நினைக்கிறாய் போலிருக்கிறது. கக்குவான் இருமலோடு அவளைக் கப்பலில் ஏற்ற வேண்டாம் என்றார்கள், அதனால் ஆறு மாசம் உன்னிடம் விட்டேன். இங்கே இவர்கள் டாக்டர் படிப்பு நீண்டது, பிறகு வேலை கிடைத்தது, லிங்கம் பிறந்தான். ஆறு மாசம் நாலு வருஷமானது. அது என் ஒருத்தியின் குற்றமா?

சரி, சண்டை போட இதை எழுத உட்காரவில்லை. போன திங்கட்கிழமை எல்லாருமாக இங்கே இருக்கிற பெரிய சித்திரசாலைக்குப் போய்வந்தோம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் ஆகஸ்டு மாசத்து முதல் திங்கள் எல்லாருக்கும் லீவு. லிங்கத்தின் அப்பாவுக்கும் ஆஸ்பத்திரியில் விடுப்புக் கிடைத்தது. கடற்கரைக்குப் போவதாக இருந்தோம். விடிந்தால் மழை. நம் ஊர்ச் சாரல் என்று நினைத்துக்கொள்ளாதே, நனைந்தால் பல் கிட்டிக்கொள்ளும். கூரையுள்ள இடமாகப் போவோம் என்று அவர்கள் சித்திரசாலையைச் சொன்னார்கள். லண்டனில் பாதிப் பேருக்கு அதே யோசனை தோன்றியிருக்கிறது. வாசல் படியிலிருந்து தெரு வரைக்கும் குடை.

உலகுவுக்கு நீலக் கம்பளிச் சட்டை போட்டு, இரட்டைச் சடை பின்னினேன். நீ கொடுத்தனுப்பின எண்ணெய் தீர்ந்துவிட்டதால் சடை நிற்கவில்லை. மூன்று மணிக்கு வெளியே எங்காவது ஒதுங்கிச் சாப்பிடலாம் என்று தகர டப்பாவில் புளிச்சோறு கட்டிக்கொண்டேன். வாசலில் ஒருவன் குடையை வாங்கிக்கொண்டு எண் போட்ட பித்தளை வில்லை கொடுத்தான். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தான். அதையும் வாங்கிக்கொண்டு அதற்கும் ஒரு வில்லை கொடுத்தான்.

உள்ளே அறைக்குப் பின் அறையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சுவர் முழுக்கப் படம். எல்லாவற்றுக்கும் தங்க முலாம் பூசின சட்டம், மேலே கண்ணாடி வேறு. கிட்டப் போனால் படத்துக்கு முந்தி நம் மூஞ்சிதான் தெரிகிறது. லிங்கத்தின் அப்பா ஒரு புத்தகம் வாங்கி, எந்தப் படம் யார் எழுதினது, எந்த வருஷம் என்று சத்தமில்லாமல் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆறாவது அறையில் அவர்களுக்கே கொட்டாவி வந்துவிட்டது. எங்கே திரும்பினாலும் ஒரு தாயும் கைக்குழந்தையும், கிறிஸ்தவர்களின் மாதா. நூறு பேர் எழுதியிருப்பார்கள். நூற்றிலும் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலாகவே வந்துவிட்டது.

கூட்டம் என்றால் ஆடி மாசத்துப் பேரருவிக் கூட்டம். ஆனால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அத்தனை ஆள் நிற்கிற இடத்தில் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கிறது. லிங்கம் ஒரு படத்தைப் பார்த்துக் ‘கப்பல்’ என்று கத்தினதற்கு நாலு சீமாட்டிகள் திரும்பி முறைத்தார்கள்.

உலகுவுக்கு ஒரு அருவிப் படம் பிடித்துப்போயிற்று. பாறை, நுரை, இரண்டு பக்கமும் மரம். அதன் முன்னாலேயே வெகுநேரம் இருந்தாள். வெள்ளை மீசை வைத்த காவல்காரர் ஒருவர் அவளைத் தம் நாற்காலியில் உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்தார். நல்ல மனுஷர். கதவடைக்கிற மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தோம். புளிச்சோற்றை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உலகு நன்றாகச் சாப்பிடுகிறாள். அதிகம் பேசுவதில்லை. புது ஊர், பழக நாளாகும். பதில் எழுது. எழுதப் பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுது.

உன் தங்கை
குழல்வாய்மொழி


மேலகரம்,
26 ஆகஸ்டு 1936

குழலுக்கு அக்கா எழுதுவது.

உன் காகிதம் முந்தாநாள் வந்தது. உங்கள் அத்தான் சத்தம்போட்டுப் படித்தார்கள். அப்புறம் நான் வாங்கி இரண்டு தடவை படித்தேன். அவர்களுக்குப் படங்களைப் பற்றித்தான் ஆச்சரியம். எனக்குப் புளிச்சோறு மேலேதான் கண் போனது.

ஏட்டி, மூன்று மணிக்குத் தின்ன வேண்டிய சோறு. கூட மூன்று வயசுப் பையன். கதவடைக்கிற மட்டும் டப்பாவைத் திறக்கவில்லை என்கிறாய். உன் பிள்ளைகளை நீ பட்டினி போடுகிறவள் இல்லை. காவல்காரன் எதற்கு அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைக்கிறான்? பெற்றவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அவன் எதற்குப் பிஸ்கட் கொடுக்கிறான்? சின்னதில் நீ உறியிலிருந்து முறுக்கை எடுத்துத் தின்ற அன்றைக்கு, தேரோட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் எனக்குக் கதை சொன்னாய். மறைக்கிற விஷயம் இருந்தால் உனக்குப் பேச்சு கூடும். இந்தக் காகிதத்தில் வில்லை, கண்ணாடி, தங்கச் சட்டம் என்று நாலு பக்கம் இருக்கிறது. என்ன நடந்தது என்று எழுது.

இன்னொன்று. உன் வீட்டுக்காரர்களை ‘லிங்கத்தின் அப்பா’, ‘லிங்கத்தின் அப்பா’ என்றே எழுதுகிறாய். சிவனணைந்தபெருமாள் மாப்பிள்ளை உலகுவுக்கும் அப்பாதான். மூத்தவள் அவள்.

ஸ்டேஷனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாய். நெல் அவித்துப் போட்டிருந்தேன், வேலை இருந்தது. அதோடு விடு.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது. ஆடியில் ஒரு வாரம் அருவியில் ஆளை விடவில்லை, அவ்வளவு தண்ணீர். வாசுதேவநல்லூர்க்காரி ஒருத்தி, மாரித்தாய் என்று பேர், கூட்டத்தில் பையனை விட்டுவிட்டாள். எண்ணெய்க்கடை அப்துல் ஜப்பார் அண்ணாச்சிதான் வழக்கம்போலக் கூவினார். ‘வாசுதேவநல்லூர் மாரித்தா மகன் இங்கன இருக்கு’ என்று அவர் ஒரு சத்தம் கொடுத்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் அதை வாங்கிச் சொன்னார், வேட்டி பிழிந்தவர் வாங்கிச் சொன்னார், பாலத்தில் பழம் விற்கிறவள் வாங்கிச் சொன்னாள். அது போய்ப் போய், சந்நிதித் தெரு மட்டும் தேடிப் போயிருந்தவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. பையன் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நகராத பிள்ளை தொலையாது என்று அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்னிடம் வந்து, ‘ஆவுடையம்மா, உம்ம மகளுக்கு ரெண்டு வருசம் கூவினேன். இந்த வருசம் அவ எங்க?’ என்றார். சீமைக்கு அவ அம்மைகிட்டப் போயிருக்கா என்றேன். ‘அப்பம் நீரு யாரு?’ என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் எண்ணெய் வாங்காமல் வந்துவிட்டேன்.

பதில் எழுதும்போது பேச்சைக் குறைத்து விஷயத்தை எழுது.

ஆவுடையம்மாள்


லண்டன்,
17 செப்டம்பர் 1936

அக்காவுக்கு,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள். சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு நான் கேட்பதற்கு நீயும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு உலகு தொலைந்துபோனாள்.

மூன்று மணி இருக்கும். அருவிப் படத்தைத் தாண்டி நாலு அறை வந்துவிட்டோம். என் இடது கையில் லிங்கம், வலது கையில் உலகு. லிங்கத்துக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். அவ்வளவு நேரம்தான். பார்த்தால் அவள் இல்லை. முதலில் நான் பயப்படவில்லை. ஏதாவது ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்பாள் என்று நினைத்தேன். முன்னே இரண்டு அறை பார்த்தோம், ஐந்து அறை பார்த்தோம்; திரும்பிப் பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. லிங்கத்தின் அப்பா வெளியே ஒரு பக்கம் தேடப் போனார்கள். நான் லிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெளியே போயிருப்பாள், தெருவில் பஸ்ஸும் மோட்டாரும் போகிறதே என்று அதுதான் எனக்கு. மழையில் படிக்கட்டில் இறங்கி, புறா மேய்கிற அந்தப் பெரிய சதுக்கம் முழுக்கச் சுற்றினேன். நீலச் சட்டை போட்ட பிள்ளையையெல்லாம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம், அக்கா. பெற்ற பிள்ளைக்கு முகத்தில் என்ன அடையாளம் என்று போலீஸ்காரன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது என்பது ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரியும். அது எப்போது விழுந்தது என்று உனக்குத்தான் தெரியும்.

அவள் வெளியே போகவேயில்லை. திரும்பி நடந்து அந்த அருவிப் படத்துக்குப் போயிருக்கிறாள். பெஞ்சு காலியாக இருக்க, படத்துக்குக் கீழே தரையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லையாம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரே வாக்கியத்தை முழுச் சத்தத்தில் கூவியிருக்கிறாள். மூச்சு விட்டால் கேட்கிற அந்த இடத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார். சுற்றி நின்றவர்கள் விலகி விலகிப் போனார்களாம். காவல்காரர் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. அதனால் தம் நாற்காலியை அவளிடம் கொண்டுவந்து போட்டு, பிஸ்கட் கொடுத்து, அவள் கூவுவது யாருடைய பேராகவோ இருக்க வேண்டும் என்று காதில் விழுந்தபடி ஒரு துண்டுச்சீட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அத்தானைப் படிக்கச் சொல். அதில் இருப்பது உன் பேர்.

‘மேலகரம் ஆவுடையம்மா மக இங்கன இருக்கு.’

கடைசியில் நான் உள்ளே திரும்பி வந்தபோது அந்தச் சத்தம் காதில் விழுந்து, ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். சேலையெல்லாம் ஈரம். அவள் என் கையில் விறைத்துக்கொண்டு இருந்தாள். காவல்காரர் என்னைக் காட்டி, ‘மம்மி?’ என்று அவளிடம் கேட்டார். லிங்கம் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான். அவளுக்கு அர்த்தம் தெரியும். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

‘எங்க அம்மை வருவா. நான் இங்கனதான் இருக்கணும்’ என்றாள்.

அதற்கு மேல் அந்த மனுஷர் எப்படிப் பிள்ளையைக் கொடுப்பார்? அவர் மேல் தப்பில்லை. ஆபீசில் உட்காரவைத்துப் பெயர், விலாசம் எல்லாம் எழுதி, லிங்கத்தின் அப்பா ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டி, அவள் என் பிள்ளைதான் என்று சொல்லி வெளியே வர முக்கால் மணியாயிற்று. என் பக்கத்தில் அவள் பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அதைத் தின்னவில்லை. லிங்கம்தான் தின்றான்.

இப்போது நான் கேட்கிறேன். அனுப்பும்போது அவளிடம் நீ என்ன சொன்னாய்? ஏங்குகிற பிள்ளை ‘அம்மை வேணும்’ என்று அழும். இவள் அழவில்லை. பஸ் வரும் என்று சொல்வதுபோல ‘வருவா’ என்கிறாள். இந்த மூன்று மாசமாக அவள் இங்கே வாழவில்லை, காத்துக்கொண்டிருக்கிறாள். நான் தலை வாரினால் உட்காருகிறாள், சோறு போட்டால் சாப்பிடுகிறாள், யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி. நீ உள்ளதைச் சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை எனக்குக் கிடைக்கமாட்டாள். என் பக்கத்தில் படுத்திருந்தும் கிடைக்கமாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

குழல்


மேலகரம்,
8 அக்டோபர் 1936

குழலுக்கு,

காகிதமும் சீட்டும் வந்தன. உங்கள் அத்தான் சீட்டைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் கையெழுத்தில் உன் பேர் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு என் முன்னால் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன். பின்னால் தைரியம் வராது. அவள் என் பேரைச் சொன்னாள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ மழையில் ஓடினது, போலீஸ்காரனிடம் முழித்துக்கொண்டு நின்றது எல்லாம் அதற்குப் பிறகுதான் மனசில் ஏறியது. உள்ளதைச் சொல் என்றாய், சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

நெல் அவித்தேன் என்று எழுதினது பொய்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது உலகு சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஞானதுரை டாக்டர் சம்சாரம் துணி அடுக்கிக்கொண்டு தென்காசியில் காத்திருக்கிறாள். அடித்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று உங்கள் அத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்களே வெளியே போய் நின்றுகொண்டார்கள். உன்னிடமிருந்தும் காகிதம் வந்திருந்தது, ‘இந்தத் தடவையும் அனுப்பாவிட்டால் நீ என் பிள்ளையை எடுத்துக்கொண்டாய் என்றுதான் அர்த்தம்’ என்று. அந்த வரியை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். ‘நீ முன்னால போ. நான் அடுத்த கப்பல்ல வாறேன். அங்கன அருவிக்கரை மாதிரி பெருங்கூட்டமா இருக்கும். நீ பயப்படாத. இருந்த எடத்த விட்டு நகராம என் பேரச் சொல்லிக் கூவு. நான் வந்து கூட்டுதேன்.’

உடனே கட்டில் காலை விட்டாள். எந்தக் கப்பல் என்று கேட்டாள். சோறு போடச் சொன்னாள். அருவிக்கரையில் இரண்டு தடவை நான் வந்து கூட்டிக்கொண்டு போன பிள்ளைதானே, நம்பிவிட்டாள். ஸ்டேஷனுக்கு நான் வந்திருந்தால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தப் பொய்யோடு நிற்க முடியாது. வீட்டிலேயே இருந்தேன். வண்டி ஊதினது இங்கே கேட்டது.

இரண்டு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். பிள்ளை வளர்த்தவள் நினைக்கிற நினைப்பா அது? உனக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, கயிற்றை என் கையிலேயே வைத்திருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. நீ எழுதினதும்தான் தெரிந்தது.

அவளைத் திருப்பி அனுப்பு என்று எழுதக் கை வருகிறது. எழுதமாட்டேன். இதோடு அவளுக்கு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், அவளே கூட்டிப் படிப்பாள். நீ பக்கத்தில் இரு. ஒரு எழுத்தும் மறைக்காதே. அவள் அழுதால் சமாதானம் சொல்லாதே, முதுகைத் தடவு. அதுதான் அவளுக்குப் பிடிக்கும். புருவத்துத் தழும்பு ஐந்து வயசில் ஐந்தருவிப் படியில் விழுந்தது.

ஆவுடை


உலகு,

அம்மை எழுதுதேன். சுகமா இருக்கியா.

நான் உங்கிட்ட ஒரு பொய் சொன்னேன். அடுத்த கப்பல்ல வாறேன்னு சொன்னேன். நான் வரமாட்டேன். நான் மேலகரத்துல நம்ம வீட்டுலதான் இருக்கேன். எனக்காக நீ அங்கன தரையில உக்காந்திருக்காத. தரை குளிரும்.

உன்னப் பெத்தவ உன் பக்கத்துல இருக்கா. அவ என் தங்கச்சி. சின்னதுல அவளும் அருவிக்கரையில தொலஞ்சிருக்கா. நான்தான் தேடிக் கூட்டினேன். அதனால தேடுத விதம் அவளுக்குத் தெரியும். மழைன்னும் பாக்காம உன்ன அவ தேடினா. இனிமே எங்கயும் கூட்டத்துல தொலஞ்சா, குழல்வாய்மொழி மக இங்கன இருக்குன்னு கூவு. அவ வருவா.

எண்ணெய் ஒரு தகரம் அனுப்புதேன். சடை நிக்கும்.

உன்
பெரியம்மை


லண்டன்,
9 நவம்பர் 1936

அக்காவுக்கு,

இதை விமானத் தபாலில் போடுகிறேன். கப்பலில் போட்டுவிட்டு மூன்று வாரம் பொறுத்திருக்க என்னால் முடியாது.

முதலில் அந்த வரி. நீ சொன்ன பிறகுதான் எழுதினது ஞாபகம் வந்தது. கோபத்தில் எழுதித் தபாலில் போட்டுவிட்டு இங்கே நான் பாட்டுக்கு இருந்திருக்கிறேன். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது. அதை நீ உன் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளாதே.

உலகுவுக்கு நீ எழுதினதை ஐந்து நாள் பெட்டியில் வைத்திருந்தேன். கொடுத்தால் உடைந்துபோவாள், கொடுக்காவிட்டால் காத்துக்கொண்டே இருப்பாள். ஆறாவது நாள் உலகுவின் அப்பா லிங்கத்தைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனார்கள். கொடுத்தேன்.

விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ‘வரமாட்டேன்’ என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு மேலே போனது. கடைசியில் ‘பெரியம்மை’ என்பதை இரண்டு தடவை படித்தாள். நான் முதுகைத் தடவினேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

‘கைய நான்தான் விட்டேன்’ என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எந்தக் கை என்றேன்.

‘அன்னைக்கு. நீங்க தம்பிக்கு மூக்குத் தொடைச்சீங்க. நான் கைய இழுத்துக்கிட்டேன். அருவி மாதிரி கூட்டம் வரட்டும்னு நெதம் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குத்தான் வந்துச்சு. அருவியும் இருந்துச்சு. அதான் அங்கன போயி இருந்தேன்.’ பிறகு, ‘எத்தன தடவ கூவினேன். ஒருத்தரும் வாங்கிச் சொல்லல’ என்றாள். அவளுக்கு அதுதான் பெரிய குறை.

மூன்று மாசமாகக் கைக்குட்டையை எடுத்த என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே தொலைந்திருக்கிறாள், உன்னால் கண்டுபிடிக்கப்படுவதற்காக. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘இந்த ஊர்க்காரர்களுக்கு வாங்கிச் சொல்லத் தெரியாது. நம் ஊர்க்காரர்கள் ஒரு பத்துப் பேர் இருந்திருந்தால் போதும்’ என்றேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள். அவளும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

பிறகு கேள்வி கேட்டாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

‘அம்மை நம்ம வீட்டுலயே இருக்கா?’

‘இருக்கா.’

‘நகராம இருக்கா?’

‘நகரல.’

‘தேடிக்கிட்டு வரமாட்டா?’

‘வரமாட்டா.’

‘அப்பம் தொலஞ்சது நான் இல்ல. அம்மைதான்’ என்றாள்.

எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

முந்தாநாள் சனிக்கிழமை, சித்திரசாலைக்குப் போகலாம் என்று அவளே கேட்டாள். உலகுவின் அப்பாவுக்குக் கொஞ்சம் யோசனைதான். இருந்தாலும் போனோம். லீவு இல்லாததால் கூட்டம் குறைவு. உன் எண்ணெயில் சடை நன்றாக நின்றது. இந்தத் தடவை நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் நடக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியும். வாசலிலிருந்து மூன்றாவது அறை வரைக்கும் அவள் தனியாக நடந்தாள். அதன் பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அருவிப் படத்துக்குக் கீழே, தான் உட்கார்ந்திருந்த இடத்தை எனக்குக் காட்டினாள். ‘நம்ம அருவிக்கு இது காணாது, தண்ணி கம்மி’ என்றாள். அதே வெள்ளை மீசைக்காரர் அங்கே இருந்தார். எங்களை அடையாளம் தெரிந்துகொண்டு, என்னைக் காட்டி, ‘மம்மி?’ என்று அவளிடம் கேட்டார். இந்தத் தடவை விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு விளையாட்டாக இல்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அக்கா, நீ கயிற்றை விட்டுவிட்டாய். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடைசி வார்த்தையை எழுத உனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரியும்.

உலகுவின் அப்பாவுக்கு மாசி மாசத்தோடு ஆஸ்பத்திரி வேலை முடிகிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மேலே இன்னொரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று இவர்கள் போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தென்காசியில் வைத்தியம் பார்க்கலாமா, திருநெல்வேலியிலா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அது எப்படி ஆனாலும் ஆனிச் சாரலுக்கு நாங்கள் அங்கே இருப்போம். ஜப்பார் அண்ணாச்சி கேட்டால் இதைச் சொல். நீர் யார் என்று கேட்டால், இரண்டு பேருக்கு அக்காவும் அம்மையும் என்று சொல். அவரே பிரித்துக்கொள்ளட்டும்.

இதை உலகுவிடம் சொன்னபோது அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். அவள் கூவுவாளாம், நான் வாங்கிச் சொல்ல வேண்டுமாம். அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருத்தரும் செய்யாததை நானாவது செய்கிறேன். அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்:

‘மேலகரம் ஆவுடையம்மா, இருந்த எடத்த விட்டு நகராத. நாங்க வந்து கூட்டுதோம்.’

குழல்வாய்மொழி